இரண்டாம் எண் ஸ்பிரிங்

அலுவலகத்தில் அவளுக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் மாடிப்படித் திருப்பத்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே, "தெர்மோஸ்டாட் வருது, டீயைக் கீழ வை" என்று யாராவது முணுமுணுப்பது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அவளுக்கு அதில் கோபமில்லை. அந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டது அவளேதான்.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு, ஒரு காகித ஆலையின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இந்த ராணுவக் கொள்முதல் இயக்ககத்துக்கு வந்த புதிதில், முதல் கூட்டத்திலேயே "சைபர்நெட்டிக்ஸ்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சுற்றியிருந்த முகங்களெல்லாம் ஊசி போடப்போகும் குழந்தையின் முகம் போல் ஆயின. உடனே சுவரிலிருந்த ஹீட்டரைக் காட்டினாள்.

"பெரிய வித்தையெல்லாம் இல்லைங்க. இதுக்குள்ள தெர்மோஸ்டாட்னு ஒண்ணு இருக்கு. ரூம் குளிர்ந்தா இது ஓடுது, சூடு போதும்னா தானா நிக்குது. ஒண்ணைச் செய்யறது, என்ன ஆச்சுன்னு பாக்கறது, பாத்ததுக்கு ஏத்த மாதிரி திருத்தறது. நம்ம திட்டமும் அப்படி ஓடணும். அவ்வளவுதான்."

அவர்களுடைய திட்டம் மலைமேலிருக்கும் ராணுவக் காவல் நிலையங்களுக்கு ஆம்புலன்ஸ் வாங்குவது. மொத்தம் முப்பத்தைந்து வண்டிகள். இன்ஜின் நல்ல இன்ஜின், சக்கரம் நல்ல சக்கரம். தகராறெல்லாம் ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் பிடித்து நிறுத்தும் பூட்டில். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பூட்டுக்குள் இருக்கும் சுண்டுவிரல் நீள ஸ்பிரிங்கில். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால், கையுறை போட்ட கையால் பூட்டைத் திறக்க முடியாது. தளர்வாக இருந்தால், மலை இறக்கத்தில் அடிபட்டவனோடு சேர்த்து ஸ்ட்ரெச்சர் வழுக்கிக்கொண்டு போய்ப் பின்கதவில் இடிக்கும்.

அவள் வருவதற்கு முன்பு, ஒரு புகாரைப் பற்றி முடிவெடுக்கவே ஐந்து மாதம் ஆகும். அவள் அதை உடைத்தாள். எந்தப் புகார் மேசைக்கு வந்தாலும் ஏழே நாளில் தொழிற்சாலைக்குத் திருத்த உத்தரவு போக வேண்டும் என்று விதி செய்தாள். திட்டத்தின் தலைவரான பிரிகேடியர் அவளை எல்லோர் முன்னிலும் பாராட்டினார். 'ஏழு நாள் விதி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து நடைக்கூடத்தில் மாட்டினார்கள்.

புகார்தான் குறையவில்லை. விறைப்பு என்று வந்தது, ஸ்பிரிங்கைத் தளர்த்தினார்கள். மறுபடி விறைப்பு என்று வந்தது, மேலும் தளர்த்தினார்கள். அப்புறம் ஒரேயடியாகத் தளர்வு, தளர்வு என்று கடிதங்கள் குவிய, இறுக்கினார்கள். இப்போதும் பெரும்பாலும் தளர்வு என்றுதான் வந்துகொண்டிருந்தது. முதல் ஸ்பிரிங், அவள் வருவதற்கு முன் மாற்றிய இரண்டாவது, அவள் வந்தபின் மூன்று, நான்கு, ஐந்து. அடுத்தது ஆறு.

ஆறாவது மாற்றம் ஸ்பிரிங்கோடு நிற்கவில்லை. பூட்டின் அடித்தகட்டையே மாற்றி வெல்டிங் வைக்க வேண்டும். அதற்கு எல்லா வண்டிகளும் மலையிலிருந்து இறங்கி டிப்போவுக்கு வரவேண்டும். வேலை முடிய ஏழு வாரம் ஆகும் என்றார்கள். மலைக்கணவாய் பனியில் மூட நான்கே வாரம் இருந்தது. இறங்கிய வண்டி மறுபடி ஏறாது. பதினொரு மலைக்காவல் நிலையங்கள் குளிர்காலம் முழுக்க ஆம்புலன்ஸ் இல்லாமல் கிடக்க வேண்டும். அதில் ஏழாம் நிலையத்தின் பட்டறை சார்ஜென்ட் அவளுடைய கணவன்.

கமிட்டி வியாழக்கிழமை கூடுகிறது. ஆறாவது மாற்றத்துக்கான குறிப்பை எழுத வேண்டியவள் அவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் குறிப்பு வெள்ளைத் தாளாகவே சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அதன்மேல் கணவனின் கடிதம் கிடந்தது. கடிதத்தின்மேல் அவள் முழங்கை.

"என்ன அண்ணி, காயிதத்தை இஸ்திரி போடறியா?" என்றாள் நாத்தனார். நகரப் பேருந்து ஓட்டுபவள். வாரத்தில் ஆறு நாள் ஊரோடு சண்டை போட்டுவிட்டு, ஏழாம் நாள் வீட்டில் யாரிடமாவது வம்புக்கு இழுக்காமல் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

"உங்க அண்ணன் நக்கல் பண்ணி எழுதியிருக்காரு. நேத்தே வந்துச்சு."

"அவனா? அவனுக்கு நக்கல் வருமா? சிரிக்கறதுக்கே வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் லீவு எடுப்பான்." நாத்தனார் முழங்கைக்கு அடியிலிருந்து கடிதத்தை உருவினாள். "'உன் கடிதம் கண்டு மனம் நிறைந்தது. நீ இவ்வளவு புரிந்துகொள்வாய் என்று எதிர்பார்க்கவில்லை.' இதுல எங்க நக்கல்?"

"நான் அவரைக் கன்னாபின்னான்னு திட்டி எழுதியிருக்கேன். அதுக்கு மனம் நிறைஞ்சுதுன்னு எழுதினா நக்கல் இல்லாம என்ன?"

சண்டை இதுதான். மலையில் ஒரு குளிர்காலம் முடித்தவன் கீழே மாற்றலாகி வந்திருக்க வேண்டும். அவனோ இன்னொரு குளிர்காலமும் அங்கேயே இருக்கிறேன் என்று தானாகக் கேட்டு வாங்கியிருந்தான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அங்கே போன் கிடையாது. கடிதம் போக மூன்று வாரம், வர மூன்று வாரம்.

நாத்தனார் உள்ளே போய், அலமாரியிலிருந்து மற்ற கடிதங்களையும், அண்ணி பிரதியெடுத்து வைத்திருந்த தன் கடிதங்களையும் அள்ளிக்கொண்டு வந்தாள். ஆபீஸ் பழக்கம், அண்ணி புருஷனுக்கு எழுதும் கடிதத்துக்கும் நகல் வைப்பாள்.

"இரு. நீ மூணாந்தேதி எழுதினது 'யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க?'னு. அப்புறம் இருபதாந்தேதி, 'சரி, பத்திரமா இருங்க, எனக்குக் கோபம் இல்ல'ன்னு. சரியா? அதுக்கப்புறம் அவன்கிட்டேருந்து ஒண்ணு வந்துது, 'நீ வேண்டாம்னா எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்'னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு."

"ஆமா! நான்தான் சரின்னு எழுதியாச்சே, அப்புறமும் குத்திக் காட்டினா? அதனாலதான் பதினாறாந்தேதி திட்டி எழுதினேன்."

"அம்மா தாயே, அவன் குத்திக் காட்டல. அது உன் மூணாந்தேதிக் கடுதாசிக்குப் பதில். நீ மனசு மாறினது அவனுக்கு அப்ப எப்படித் தெரியும்? இப்ப வந்திருக்கறது இருபதாந்தேதிக்குப் பதில். நீ திட்டினது இப்பத்தான் மலை ஏறிக்கிட்டிருக்கும். போன பஸ்ல ஏறின ஆளை இந்த பஸ்ல தேடி அடிக்கற மாதிரி இருக்கு உங்க ரெண்டு பேர் சண்டை."

அவள் வந்த தேதியை விட்டுவிட்டு, எழுதிய தேதிப்படி கடிதங்களை அடுக்கிப் பார்த்தாள். சண்டையே இல்லை. ஒருவன் வருத்தப்பட்டிருக்கிறான், ஒருத்தி சமாதானமாகியிருக்கிறாள், அவன் நெகிழ்ந்திருக்கிறான். நடுவில் பதினாறாந்தேதி மட்டும் காரணமே இல்லாமல் ஒரு பெண் பேயாட்டம் ஆடியிருக்கிறாள்.

முதலில் சிரிப்பு வந்தது. நாத்தனாரும் கூடச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன அண்ணி?"

"புகார்க் கடிதமெல்லாம் வந்த தேதிப்படிதான் ஃபைல் ஆகுது" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்வதுபோல். "எல்லாமே வந்த தேதி."

*

திங்கட்கிழமை காலை அலுவலகக் கதவைத் திறந்தவர் முத்திரை. அதுவும் அலுவலகம் வைத்த பெயர்தான். வரவுப் பிரிவின் எழுத்தர். கையில் வரவு முத்திரை இல்லாமல் அவரைப் பார்த்தவர் இல்லை. தன் மகளின் கல்யாணப் பத்திரிகைக்கே முத்திரை குத்தி வரிசை எண் போட்டவர் என்று சொல்வார்கள், அவரும் மறுத்ததில்லை.

"அண்ணே, பூட்டுப் புகார் அத்தனையும் வேணும். பதிவேடு இல்ல, அசல் கடிதம்."

"அசலா? இருநூத்திச் சொச்சம் இருக்கு மேடம். பதிவேட்டுல எல்லாம் பளிச்சுன்னு இருக்கே. வந்த தேதி, நிலையம், புகார் சுருக்கம்."

"எந்த வண்டின்னு இருக்கா?"

முத்திரை தலையைச் சொறிந்தார். "அதுக்குக் கட்டம் இல்லையே."

இருவரும் கூட்ட அறையின் நீள மேசையில் கடிதங்களைப் பரப்பினார்கள். இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றின் மூலையிலும் யாரோ ஒரு பட்டறைக்காரன் எண்ணெய் விரலோடு வண்டி எண்ணைக் கிறுக்கியிருந்தான். சிலவற்றில் அந்த எண்ணின் மேலேயே வரவு முத்திரை கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. முத்திரை அதையெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துச் சொன்னார், செய்த பாவத்தைக் கழுவுகிறவர் போல.

அவள் தொழிற்சாலை ஃபோர்மேனை போனில் பிடித்து, எந்த நிலையத்துக்கு எந்த ஸ்பிரிங் என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்று வரிசையாகக் கேட்டு வாங்கினாள். கடிதம் எழுதிய அன்று அந்த வண்டியில் எந்த ஸ்பிரிங் இருந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, மேசைமேல் ஐந்து அடுக்காக வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடுக்குகள் முடிந்தன.

முதல் ஸ்பிரிங்கின் அடுக்கில் எழுபத்தொரு கடிதம், எல்லாம் விறைப்பு. மூன்றில் நாற்பத்தொன்று, தளர்வு. நான்கில் எண்பத்து மூன்று, படுதளர்வு. ஐந்தில் இதுவரை பதினேழு, அத்தனையும் விறைப்பு. இரண்டாவது ஸ்பிரிங்கின் இடத்தில் இரண்டே கடிதங்கள் கிடந்தன. அதிலும் ஒன்று பின்கதவுக் கண்ணாடியைப் பற்றியது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மலையிலிருந்து ஒரு கடிதம் மூன்று அலுவலகங்கள் கடந்து அவள் மேசைக்கு வர நான்கு மாதம். இரண்டாவது ஸ்பிரிங் எல்லாவற்றையும் சரி செய்துவிட்ட பிறகும், முதல் ஸ்பிரிங்கைப் பற்றிய கடிதங்கள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து அவள் மூன்றாவதைப் போட்டாள். மறுபடி அதே பழைய கடிதங்கள், நான்காவது. வியாழக்கிழமை கமிட்டி இறுக்கச் சொல்லப் போவதும் நான்காவதைப் பற்றிய கடிதங்களைப் பார்த்துத்தான். மலையிலோ இப்போது ஐந்தாவது விறைத்துக் கிடக்கிறது.

மந்தமாக இருந்த அலுவலகம் ஐந்து மாதம் யோசித்துத்தான் தப்புச் செய்யும். அவள் அதை ஏழே நாளில் செய்ய வைத்திருந்தாள். தகவல் வரும் வழியைச் சுருக்காமல் கையை மட்டும் வேகமாக்கியிருந்தாள். பொறியியலில் முதல் வருடப் பாடம் இது. காகித ஆலையில் ஒரு பயிற்சியாளன் இதைச் செய்திருந்தால் அவள் கத்தித் தீர்த்திருப்பாள்.

போனை எடுத்து மறுபடி ஃபோர்மேனைக் கூப்பிட்டாள். "ரெண்டாவது ஸ்பிரிங் நல்லா இருந்துச்சா?"

"தங்கமா இருந்துது மேடம். மாத்தச் சொல்லி உங்க ஆர்டர் வந்தப்ப எங்காளுங்க அழாத குறைதான்."

"அதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல?"

"சொல்லலாம்னு உங்க படிவத்தை எடுத்தோம். அதுல குறை என்ன, குறையோட தன்மை என்ன, குறை எந்தப் பாகத்துலன்னுதான் கட்டம் இருக்கு. நல்லா இருக்குன்னு எழுதக் கட்டம் இல்ல."

படிவத்தை வடிவமைத்தவளும் அவளேதான்.

*

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. ஏழாம் நிலையத்துக்கு மூன்றும் போயிருக்கிறது, நான்கும் ஐந்தும் போயிருக்கின்றன. ஆனால் பத்து மாதமாக அங்கிருந்து ஒரு புகார்கூட இல்லை. கமிட்டியில் நிதி ஆலோசகர் இருக்கிறார். 'அங்க மட்டும் எப்படி எல்லா ஸ்பிரிங்கும் நல்லா இருக்கு? மத்தவங்களுக்கு உபயோகிக்கத் தெரியல' என்று அவர் ஒரு வரி சொன்னால் போதும், அவளுடைய ஐந்து அடுக்கும் சரிந்துவிடும்.

ஏழாம் நிலையத்தில் யாரைக் கேட்பது என்பதில் சந்தேகமில்லை. புதன்கிழமை காலை, கம்பியில்லாத் தொடர்பு அறையில் அலுவல் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு அழைப்புக்கு நேரம் வாங்கினாள். ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' சொன்னால்தான் மற்றவர் பேச முடியும். பக்கத்தில் இயக்குபவர் காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து போக அவருக்கு விதியில் இடமில்லை.

கரகரவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து ஐந்து மாதமாகக் கேட்காத குரல் வந்தது.

"ஏழாம் நிலையம், பட்டறை சார்ஜென்ட். ஓவர்."

"கொள்முதல் இயக்ககம். பொறியாளர் பேசறேன். ஓவர்."

எதிர்முனையில் ஸ்பேனர் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது.

"பேசறது ஆபீஸா, என் பொண்டாட்டியா? ஓவர்."

இயக்குபவர் கூரையைப் பார்த்தார்.

"ஆபீஸ். உங்க வண்டி ரெண்டுலயும் இப்ப எந்த ஸ்பிரிங் இருக்கு? ஓவர்."

"ரெக்கார்டுல அஞ்சாம் நம்பர். ஓவர்."

"ரெக்கார்டைக் கேக்கல. வண்டியைக் கேக்கறேன். ஓவர்."

அங்கே யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் குறித்துக்கொள்ளப் பென்சிலை எடுத்தாள்.

"ரெண்டாம் நம்பர்" என்றான் அவன். "மூணு, நாலு, அஞ்சு மூணையும் மாட்டிப் பாத்தேன். மூணும் சரியில்ல. கழட்டிப் பெட்டியில போட்டுட்டு ரெண்டையே திருப்பி மாட்டினேன். மாட்டிட்டேன்னு கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிட்டேன். குத்தம்தான். ஆனா போன குளிர்ல ஆறு பேரை இறக்கினோம், ஒருத்தனும் வழுக்கல. ஓவர்."

"ஏன் முன்னாடியே சொல்லல? ஓவர்."

"உங்க படிவத்துல எங்க எழுதறது? லெட்டர்ல எழுதலாம்னா எல்லாத்தையும் பிரிச்சுப் படிக்கறாங்க. அதனாலதான்..." குரல் தேய்ந்து திரும்பியது. "அதனாலதான் இன்னொரு குளிர் இருக்கேன்னு கேட்டு வாங்கினேன். எனக்குப் பதிலா வேற ஒருத்தர் வந்தா, பெட்டியைப் பாத்துட்டு ஆர்டர்படி அஞ்சாம் நம்பரை மாட்டிடுவாரு. உன்கிட்ட காரணம் சொல்ல முடியல. நீ திட்டினது நியாயம். ஓவர்."

"நாளைக்குக் கமிட்டியில இதைச் சொல்லணும். உங்க பேர் வரும். ஓவர்."

"சொல்லு. ரெண்டு வண்டியையும் கீழ இறக்கிட்டா என் பேரை வச்சுக்கிட்டு நான் மலையில என்ன பண்றது? ஓவர்."

"மத்த நிலையத்துல பழைய ஸ்பிரிங் இருக்குமா? ஓவர்."

"கணக்கு முடியற வரைக்கும் கழட்டின சாமானைத் தூக்கிப் போடக் கூடாதுன்னு விதி இருக்கே. எல்லார் பெட்டியிலயும் இருக்கும். மாட்ட ரெண்டு ஸ்பேனர், அரை மணி நேரம். ஓவர்." கொஞ்சம் பொறுத்து, "இப்பவும் ஆபீஸ்தானா? ஓவர்" என்று கேட்டான்.

"சாப்பிட்டீங்களா? ஓவர்" என்றாள் அவள்.

இயக்குபவர் அழைப்புக் குறிப்பேட்டில் 'தொழில்நுட்ப விவரம் பெறப்பட்டது' என்று எழுதி முடித்துவிட்டு, அவளிடம் மெல்லச் சொன்னார்: "கடைசி வரியை நான் எழுதலைங்க."

*

வியாழக்கிழமை, கமிட்டி அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஆறாவது மாற்றத்தின் குறிப்பை எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவள் ஐந்து அட்டைப்பெட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு அடுக்குக் கடிதம். இரண்டாவது பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தாள். இரண்டு தாள்கள் விழுந்தன.

"இந்தத் திட்டத்துல தப்பு நடந்திருக்கு. அதுல பெரிய பங்கு என்னோடது" என்று ஆரம்பித்தாள். ஏழு நாள் விதியைச் சொன்னாள். நான்கு மாதத் தாமதத்தைச் சொன்னாள். கட்டமில்லாத படிவத்தைச் சொன்னாள். குரல் ஓரிடத்திலும் தழுதழுக்கவில்லை. தழுதழுக்கக் கூடாது என்று காலையில் பேருந்தில் வரும்போதே தீர்மானித்திருந்தாள்.

பிரிகேடியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. அப்ப நாங்க என்ன செய்யணும்கறீங்க?"

"பெட்டியில இருக்கற ரெண்டாம் நம்பரைத் திருப்பி மாட்டச் சொல்லணும். வண்டி எதுவும் கீழ இறங்க வேண்டாம். அதுக்கப்புறம் பன்னெண்டு வாரத்துக்கு நாம எதையும் தொடக் கூடாது."

"எதையும்னா?"

"எதையும். நல்லது கெட்டது ரெண்டையும் வண்டி எண்ணோட கம்பியில்லாத் தொடர்புல அன்னன்னைக்கே நமக்கும் ஃபோர்மேனுக்கும் சொல்லணும். நாம பாத்துக்கிட்டு மட்டும் இருக்கணும்."

அறையில் சலசலப்பு. நிதி ஆலோசகர் எதிர்பார்த்தது போலவே வாய் திறந்தார். "ஏழாம் நிலையத்துல அஞ்சாம் நம்பரே அருமையா ஓடுதே? அது எப்படி?"

"அங்க அஞ்சாம் நம்பர் மாட்டவே இல்ல. பட்டறை சார்ஜென்ட் ரெண்டாம் நம்பரையே வச்சிருக்காரு. மாட்டினதா எழுதினது பொய்ங்கறதை ஒத்துக்கறாரு."

"யார் அந்த சார்ஜென்ட்? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரர்."

யாரோ பேனாவைக் கீழே போட்டார். நிதி ஆலோசகர் அவளைப் பார்த்தார், பிரிகேடியரைப் பார்த்தார். "அப்ப இது குடும்ப விவகாரமா?"

"அதனாலதான் அவர் வாயால சொன்னதை மட்டும் வச்சு நான் கேக்கல சார்" என்றாள் அவள். "அவரை ஒதுக்கிடுங்க. ஏழாம் நிலையத்தையே எடுத்துடுங்க. மத்த பத்து நிலையத்துக் கடிதமும் இந்தப் பெட்டியில இருக்கு. எந்த வண்டி, எந்த ஸ்பிரிங், என்னைக்கு எழுதினது. நீங்களே எண்ணிப் பாருங்க. எனக்கு அவசரமில்ல."

நிதி ஆலோசகர் எண்ணினார். உண்மையாகவே எண்ணினார், இருபது நிமிடம். முத்திரை வாசலிலிருந்து உள்ளே வந்து, அவருக்குப் படிக்க வராத வண்டி எண்களையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். நான்காம் பெட்டியின் பாதியில் ஆலோசகர் நிறுத்தி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "போதும்" என்றார்.

பிரிகேடியர் நீண்ட மூச்சு விட்டார். "நான் முப்பது வருஷமா ஆர்டர் போட்டுப் பழகினவன். ஒண்ணும் செய்யாதேன்னு ஒரு ஆர்டர் போட்டதில்ல. கமிட்டி கூடிச் சும்மா இருக்க முடிவு பண்ணினாங்கன்னா மேல சிரிப்பாங்க."

"சும்மா இருக்கறதுதான் சார் இதுல கஷ்டமான வேலை. மூணாவது வாரமே உங்க கை அரிக்கும். என் கையும்தான்."

"அரிச்சா?"

"சொறியக் கூடாது."

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்றார். பிரிகேடியருக்கும் உதடு கொஞ்சம் வளைந்தது. உத்தரவு எழுதப்பட்டது. இரண்டு நிபந்தனைகள்: பொறுப்பாளர் என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும், தோற்றால் அவள் போக வேண்டும். பொய்க் கையெழுத்துக்காக ஏழாம் நிலைய சார்ஜென்டுக்கு எழுத்துபூர்வமான எச்சரிக்கை போகும். அவள் இரண்டையும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். கணவனுக்கான எச்சரிக்கைக் கடிதத்துக்கு முத்திரை தானே போய் அனுப்புகை எண் போட்டார், வழக்கத்தைவிட மெதுவாக.

நடைக்கூடத்தில் மாட்டியிருந்த 'ஏழு நாள் விதி' பலகையை அன்று மாலையே அவள் நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினாள்.

*

கை, சொன்னபடியே மூன்றாவது வாரம் அரித்தது.

இரண்டாம் நிலையத்திலிருந்து செய்தி வந்தது: ஸ்ட்ரெச்சர் வழுக்கியது, சிப்பாய்க்குத் தோளில் அடி. பத்து நிமிடத்தில் பிரிகேடியர் நேரில் வந்துவிட்டார். அவர் அவள் அறைக்கு வந்ததே அதுதான் முதல் தடவை.

"இறுக்கிடலாமா?"

அவளுக்கும் உள்ளுக்குள் அந்தச் சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சிப்பாய்க்கு அடிபட்டிருக்கிறது. கையில் பேனா இருக்கிறது. ஒரு வரி எழுதினால் போதும்.

"வண்டி எண் என்ன சார்?"

பிரிகேடியரிடம் எண் இல்லை. கேட்டு வாங்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அவர் நின்றுகொண்டே இருந்தார், அவளும் உட்காரவில்லை. எண் வந்தது. இரண்டாம் நிலையத்தின் மூன்று வண்டிகளில் இன்னும் மாற்றப்படாத ஒன்று. அதில் பழைய நான்காம் நம்பர்.

"இன்னைக்குள்ள ரெண்டாம் நம்பரை மாட்டச் சொல்றேன். ரெண்டாம் நம்பரோட இறுக்கத்தைத் தொடல" என்றாள் அவள்.

பிரிகேடியர் கதவுவரை போய்த் திரும்பினார். "இனிமே நான் வந்தா, முதல்ல எண்ணைக் கேளுங்க. அப்புறம் உட்காரச் சொல்லுங்க."

அந்த வாரக் கடைசியில், கணவாய் மூடுவதற்கு முன் கடைசியாக இறங்கிய வண்டியில் தபால் வந்தது. நாத்தனார் உறையை வாசலிலேயே காற்றில் ஆட்டினாள். "அண்ணி, உன் பதினாறாந்தேதிச் சரவெடிக்குப் பதில் வந்தாச்சு. தூரப் போய் நின்னு பிரி."

அவள் நின்றபடியே பிரித்தாள். 'குத்திக் காட்டுகிறேனா? உனக்கு என்னைப் பற்றி இவ்வளவுதான் தெரியுமா?' என்று தொடங்கி, பேனா முனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். காது சூடாகியது. பதில் எழுத உட்கார்ந்து பேனாவையும் திறந்துவிட்டாள். அப்புறம் கடிதத்தின் மேல்மூலையைப் பார்த்தாள். கம்பியில்லாத் தொடர்பில் பேசுவதற்கு முந்தின நாள் எழுதியது.

அந்தக் கோபத்தை அதன் தேதிப்படி அடுக்கில் செருகினாள். புதுத் தாள் எடுத்தாள்.

"என்ன எழுதற?" நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷனுக்கு எழுதும் கடிதத்தின் தலையில் அண்ணி இப்படி எழுதியிருந்தாள்:

பொருள்: தங்கள் கோபம் கிடைக்கப்பெற்றது, ஆனால் காலாவதியானது – தொடர்பாக.
பார்வை: நாம் கம்பியில்லாத் தொடர்பில் பேசியது.

"ஐயோ, இதைப் போயி அவன் பிரேம் போட்டு மாட்டிடப் போறான். கணவாய் மூடிடுச்சே, இது எப்பப் போகும்?"

"வசந்தத்துல."

"அது வரைக்கும்?"

"எழுதி வச்சுக்கறேன். எதையும் மாத்தி எழுத மாட்டேன்."

பனி மலையை மூடியது. புதிய படிவத்தில் முதல் கட்டம் வண்டி எண்ணுக்கு. இரண்டாவது கட்டம் 'நன்றாக இருந்தது' என்பதற்கு. குறைக்கான இடம் அதற்குக் கீழே. செய்தி வந்த காலைகளில், நல்லதோ குறையோ, அவள் ஒவ்வொன்றையும் சுவரில் ஒட்டிய தாளில் புள்ளியாக வைத்தாள். ஒரு வாரத்தில் ஆறு புள்ளி, ஒரு வாரத்தில் ஒன்று, இரண்டு வாரம் எதுவுமில்லை. பிரிகேடியர் அவ்வப்போது வந்து, எண் இருந்தால் எண்ணைச் சொல்லிவிட்டு, இல்லாவிட்டால் சும்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பதாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, முத்திரை ஒரு செய்திப் படிவத்தை நீட்டினார். வழக்கத்துக்கு மாறாக அதில் முத்திரை மூலையில் ஒதுங்கி, எழுத்தைத் தொடாமல் குத்தப்பட்டிருந்தது.

ஏழாம் நிலையம். வண்டி பதினெட்டு. பனிச்சரிவு, ஒருவருக்குத் தொடை முறிவு. கீழ்முகாம் வரை இரண்டு மணி நேர இறக்கம். பூட்டு பிடித்தது. ஆள் நலம். ஓட்டிய சார்ஜென்ட் சாப்பிட்டுவிட்டார்.

"கடைசி வரி என்னன்னு புரியல மேடம்" என்றார் முத்திரை. "எந்தக் கட்டத்துல ஏத்தறது?"

"ரெண்டாவதுல" என்றாள் அவள். எழுந்து போய்ச் சுவரில் ஒரு புள்ளி வைத்தாள்.